வளர்ப்போர் வழக்கமும் வளர்ப்புயிர் எடையும்

1. வரையறைகள்

பருத்தவர் வீட்டு நாயும் பருத்திருக்கும் என்பது பல நாடுகளில் உலவும் எண்ணம். அதை ஆராயப் புகுமுன் மூன்று சொற்களுக்கு எல்லை வகுத்துக்கொள்வோம்.

முதலாவது, மிகை எடை. மனிதர்க்கு உடல் நிறைக் குறியீட்டெண் உண்டு; கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறுவது அது. சிறிய சிவாவா நாய்க்கும் பெரிய மாஸ்டிஃப் நாய்க்கும் பொதுவாக அப்படியோர் எண்ணை அமைக்க இயலாது. எனவே கால்நடை மருத்துவர் உடற்கட்டு மதிப்பெண்ணைக் கைக்கொள்கின்றனர். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறதா, மேலிருந்து நோக்கினால் இடை ஒடுங்கியிருக்கிறதா, பக்கவாட்டில் வயிறு மேலேறியிருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பிடுவது இம்முறை. 1997இல் லாஃப்லாம் வகுத்த இந்த அளவையில் 5 நடுநிலை. அதற்கு மேற்பட்டவை மிகை.

இரண்டாவது, வழக்கம். நாள்தோறும் பெரிய முடிவு எதுவுமின்றி மீளும் செயலை இச்சொல்லால் குறிக்கிறோம். இது இருவகைப்படும். விலங்கின் பங்கின்றி வளர்ப்பவர் தாமே செய்வது தனிவழக்கம்; அலுவலக உணவகத்தில் அவர் உண்பது இவ்வகை. விலங்கும் உடன் பங்குகொள்வது பகிர்வழக்கம். மாலை நடை இவ்வகை. இக்கட்டுரையின் வாதம் முழுதும் இப்பாகுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது, பிரதிபலித்தல். இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்கினால் அது ஒட்டுறவு. ஒன்று மற்றொன்றை விளைவித்தால் அது காரணத் தொடர்பு. எவ்வழியாக விளைகிறது என்று காட்டக்கூடிய இடத்தில் மட்டுமே பிரதிபலிப்பு உண்டென்று கொள்வோம்.

2. ஒட்டுறவுக்குச் சான்றுகள்

பிரிட்டனில் ஆயிரம் நாய்களை ஆராய்ந்து 1970இல் மேசன் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. அவற்றுள் 28 விழுக்காடு பருத்திருந்தன. இயல்பான உடலினர் வளர்த்தவற்றில் இந்த அளவு 25 விழுக்காடு. பருத்த உடலினர் வளர்த்தவற்றில் 44.

நெதர்லாந்தில் நெய்லாந்து, ஸ்டாம், செய்டெல் ஆகியோர் செய்து 2010இல் அச்சேறிய ஆய்வு சிறியது. 47 நாய்களும் 36 பூனைகளும் அவற்றை வளர்ப்போரும் மட்டுமே. ஆயினும் அது கேட்ட கேள்வி கூர்மையானது. நாயின் மிகை எடைக்கும் வளர்ப்பவரின் குறியீட்டெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.31. நாயை நாள்தோறும் நடத்திச் செல்லும் நேரத்தைக் கணக்கில் சேர்த்ததும் இவ்வுறவு மறைந்துவிட்டது. பூனையிடம் தொடக்கத்திலேயே அது காணப்படவில்லை.

2020இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு எடையை விட்டு நீரிழிவை நோக்கியது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வளர்ப்போர்–நாய் இணைகளின் பதிவேடுகளை அது ஒப்பிட்டது. நீரிழிவுள்ள நாயை வளர்ப்பவர்க்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றவரைவிட 38 விழுக்காடு மிகுந்திருந்தது. பூனை வளர்ப்போரிடம் அத்தகைய தொடர்பு இல்லை. மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை நெருங்கி ஒத்திருப்பது நாயின் நோயன்று, பூனையின் நோயே என்பதை எண்ணும்போது இம்முடிவு வியப்புக்குரியது. நோயின் உடலியல் ஒற்றுமை இத்தொடர்பை விளக்கவில்லை. வேறொன்று விளக்க வேண்டும்.

3. விளைக்கும் வழிகள்

முதல் வழி நடை. நெதர்லாந்து ஆய்வு காட்டியது இதனையே. நடக்காதவரின் நாயும் நடப்பதில்லை. கயிற்றின் இரு முனைகளும் ஒரே தொலைவைத்தான் கடக்கின்றன.

இரண்டாம் வழி கைத்தீனி. வேளைக்குத் தட்டில் இடும் உணவுக்குப் புறம்பாக, தாம் உண்ணும்போது கையால் ஊட்டுவதை இப்பெயரால் குறிக்கிறோம். இதன் விளைவைக் கணக்கிட்டே காண வேண்டும். 10 கிலோ எடையுள்ள நாயின் ஓய்வுநிலை ஆற்றல் தேவை, எடையின் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்க, ஏறத்தாழ 394 கலோரி. கருத்தடை செய்த வீட்டு நாய்க்கு அதன் 1.6 மடங்கு, அதாவது 630 கலோரி, நாளொன்றுக்குப் போதும். மாரி பிஸ்கட் ஒன்றில் சுமார் 25 கலோரி உண்டு. காலைத் தேநீரோடு இரண்டும் மாலையில் இரண்டும் நாய்க்குக் கொடுத்தால் 100 கலோரி. அது அதன் நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு. 2000 கலோரி வேண்டும் மனிதர்க்கோ அதே நான்கு பிஸ்கட் இருபதில் ஒரு பங்குதான். பகிர்வு சமமாக இருப்பதாலேயே விளைவு சமமற்றதாகிறது. நம் வீடுகளில் தேநீர் வேளையில் நாய் கால்மாட்டில் வந்து உட்காருவதை அன்பென்று மட்டும் கொள்வோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஜெர்மனியில் கீன்ட்ஸ்லேயும் உடன் ஆய்வோரும் 1998இல் வெளியிட்ட ஒப்பீடு இவ்வழக்கத்தின் பின்னணியை விளக்குகிறது. பருத்த நாய்களை வளர்ப்போர் அவற்றோடு மிகுதியாகப் பேசினர், படுக்கையில் இடமளித்தனர், அவை உண்பதை நெடுநேரம் பார்த்திருந்தனர், தின்பண்டமும் மிச்ச உணவும் அடிக்கடி கொடுத்தனர். ஆக, புறக்கணிப்பன்று, நெருக்கமே தீனியாக உருமாறியது. ஆற்றலை எண்ணிப் பார்க்கும் நம் ஆய்வுமுறை, உறவையும் எண்ண வேண்டிய இடம் இது.

மூன்றாம் வழி மதிப்பீடு. தம் நாயின் பருமனை வளர்ப்போர் குறைத்தே மதிப்பிடுவது மருத்துவர் நாள்தோறும் காண்பது. எது இயல்பான உடல் என்னும் அளவுகோல் பழக்கத்தால் நகர்கிறது.

4. பூனை என்னும் ஒப்பீட்டுச் சோதனை

பூனையும் அதே வீட்டில் வாழ்கிறது. அதே கையால் உணவு பெறுகிறது. ஆயினும் அதை யாரும் நடத்திச் செல்வதில்லை. அது தன் நேரத்தில் சிறுசிறு வேளைகளாக உண்கிறது. வளர்ப்பவரோடு அதற்குள்ள பகிர்வழக்கம் மிகக் குறைவு. ஒரே கூரை, ஒரே வருவாய், ஒரே மனப்பாங்கு இவையே காரணமாயின், பூனையிடமும் ஒட்டுறவு தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமையால், எடைக்குக் கடத்தப்படுவது தனிவழக்கமன்று, பகிர்வழக்கமே என்று கொள்கிறோம். பூனைகள் பருப்பதில்லை என்பது இதன் பொருளன்று. அவை பருப்பது வளர்ப்பவரின் உடலைப் பார்த்தன்று.

5. தடைகளும் விடைகளும்

மரபு ஒரு தடை. லாப்ரடார் இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம், நிறைவுணர்வைத் தரும் பி.ஓ.எம்.சி. (POMC) என்னும் மரபணுவின் ஒரு சிறு பகுதி அற்றுப்போயிருப்பதை 2016இல் ராஃபனும் குழுவினரும் காட்டினர். அந்நாய் எவர் வீட்டிலும் பசித்தே இருக்கும். கருத்தடை மற்றொன்று, அது ஆற்றல் தேவையைக் குறைக்கிறது. இவ்விரண்டும் பருமனுக்கான சாய்வைத் தருவன. அச்சாய்வு எடையாவது கை நீளும் அளவைப் பொறுத்தது.

இவற்றினும் வலிய தடை ஒன்று உண்டு. எட்டு இனங்களைச் சேர்ந்த 24 விலங்குத் தொகுதிகளை ஆராய்ந்து கிளிமென்டிடிஸ் முதலியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரையில், எல்லாத் தொகுதிகளிலும் சராசரி எடை பத்தாண்டுகள்தோறும் ஏறியிருந்தது. அளந்த உணவு பெறும் ஆய்வுக்கூட விலங்குகளும் அவற்றுள் அடங்கும். அவற்றுக்குத் தேநீர் பகிர்வோர் எவருமில்லை. எனவே எடை முழுவதையும் வளர்ப்போர் தலையில் ஏற்றுவது பிழை. ஆனால் அவ்வேற்றம் எல்லா வீடுகளுக்கும் பொது. வீட்டுக்கு வீடு காணும் வேறுபாட்டை அது விளக்காது.

6. மாற்றத்தின் திசை

காரணம் பகிர்வழக்கமாயின், அதை மாற்றினால் இருவர் எடையும் மாற வேண்டும். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் குஷ்னரும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஓராண்டுச் சோதனை இதை ஆராய்ந்தது. நாயோடு சேர்ந்து முயன்றோரும் நாயின்றி முயன்றோரும் ஏறத்தாழ 5 விழுக்காடு எடை குறைந்தனர். துணை நாயால் மனிதர்க்குப் பெரிய மிகுபயன் கிட்டவில்லை. நாய்களோ 15 விழுக்காட்டளவு குறைந்தன. இந்த மும்மடங்கு வேறுபாட்டுக்கு நாம் கூறும் காரணம் எளிது. மனிதர்க்குத் தனிவழக்கம் எஞ்சியிருந்தது. நாய்க்குக் குளிர்பதனப் பெட்டியைத் திறக்கத் தெரியாது.