நான்கும் சாவும்



கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள மும்மொழிக் கல்வெட்டைக் கண்டிருப்பீர்கள். 1409ஆம் ஆண்டுத் திகதியைத் தாங்கி, சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணத்தோடு நம் நாட்டுக்கு வந்து, 1911இல் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்ட கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் காணிக்கைப் பட்டியல்கள் அதிலே உள்ளன. தமிழ்ப் பகுதியில் தெனாவரை நாயனார் போற்றப்படுவது பற்றி நம்மவர் பலர் எழுதியுள்ளனர். நான் இன்று எடுத்துக்கொள்வது சீனப் பகுதியில் வரும் ஓர் எண்ணை மட்டுமே.

புத்தருக்கு அளித்த பொருள்களிடையே பொற்சரிகைப் பட்டுக்கொடிகள் நான்கு இணை எனப்படுகின்றது. சிவப்பு இரண்டு இணை, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. இந்த 'நான்கு' என்பதற்குக் கல்லிலே பொறிக்கப்பட்ட எழுத்தின் சொந்தப் பொருள் நான்கு அன்று. பரப்பி வைத்தல் என்பதாம். பண்டம் பரப்பி விற்கும் கடையையும் அது குறிக்கும். ஒலி ஒன்றாயிருந்தமையால் எண்ணுக்காக இரவல் வாங்கப்பட்ட எழுத்து அது. கணக்கிலே ஒரு கோட்டை இரண்டாக்குவதும் இரண்டை மூன்றாக்குவதும் எளிதல்லவா? அதனால் திருத்தமுடியாத சிக்கலான எழுத்துகளைக் கணக்குக்கென ஒதுக்கினர். சீன வங்கிப் பத்திரங்களில் இன்றும் இவையே எழுதப்படுகின்றன.

அப்படியானால் நான்குக்குச் சொந்த எழுத்து இல்லையா? இருந்தது. அன்யாங் நகரருகே கிடைத்த, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எலும்பெழுத்துகளில் நான்கு கிடைக்கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றுக்கு ஒரு கோடு, மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு. குழந்தைக்கும் விளங்கும். ஆனால் அவசரத்தில் மூன்றும் நான்கும் மயங்கும். பிற்காலத்தில் அந்தக் கோடுகள் கைவிடப்பட்டு, இன்று வழங்கும் வடிவம் வந்தது. ஒரு நாற்கோணக் கட்டம்; அதனுள்ளே இரு சிறு கோடுகள், யன்னலின் திரைச்சீலையை இருபுறமும் ஒதுக்கிக் கட்டியதுபோல. கி.பி. 100 அளவில் அகராதி தொகுத்த சூ ஷென், நான்காகப் பிரித்தலின் வடிவம் இது என விளக்கினார். அது பின்னாளில் புனைந்த விளக்கம் என்றே எனக்குப் படுகின்றது. மூச்சு விடுதலைக் குறித்த ஓர் எழுத்தே ஒலியொப்புமையால் எண்ணுக்கு வந்தது என்னும் அறிஞர் கருத்து கூடுதல் பொருத்தமானது. அவ்வாறாயின் நான்கு என்ற சொல் தன் வீட்டை விட்டு இருமுறை இரவல் வீட்டிற் குடியேறியிருக்கின்றது. சீன எழுத்தெல்லாம் சித்திரம் என்று வகுப்பிலே சொல்லிவிடுகிறோம். சித்திரத்தைவிட ஒலிக்கே அதில் வேலை அதிகம்.

இனி அந்த ஒலிக்கு வருவோம். வடசீனப் பொதுமொழியான மண்டரினில் நான்கு 'ஸு'. அந்த உகரம் நமது குற்றியலுகரத்தை ஒத்தது. கன்ரன் வழக்கில் 'ஸெய்', ஹொக்கியனில் 'ஸீ', கொரியாவில் 'ஸா', யப்பானில் 'ஷி'. வியட்னாமிய இலக்கியச் சொற்களில் 'து', இங்கும் குற்றியலுகரம்போல. ஆனால் வியட்னாமியர் அன்றாடம் எண்ணும்போது 'போன்' என்பர். இது கெமர் மொழிச் சொல்லுக்கு உறவு. இந்தியாவின் சந்தாலி மொழியில் நான்கைக் குறிக்கும் 'பொன்'னுக்கும் உறவு.

நேயர்களே, இந்த எண்ணைச் சுற்றி ஓர் அச்சம் உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹொங்கொங்கின் பல மாடிக் கட்டடங்களில் நான்காம் மாடி, பதினான்காம் மாடி இல்லை. கொரிய லிப்ற்றுகள் சிலவற்றில் நான்கு இருக்கவேண்டிய பொத்தானில் ஆங்கில 'எஃப்' எழுத்து நிற்கும். காரணம், நான்கைக் குறிக்கும் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ ஒன்றாய் ஒலிப்பது. இது தொன்மையான நம்பிக்கை என்றே பலரும் எண்ணுகின்றனர். மொழி வரலாறு வேறு கதை சொல்கின்றது.

பழஞ்சீன ஒலிகளை மீட்டமைத்த வில்லியம் பாக்ஸ்டர், லோரன் சகார் ஆகியோர் நான்கு என்ற சொல்லின் தொடக்கத்தை 'ஸ்லி' என்பதுபோலக் காண்கின்றனர். உள்ளே ஒரு லகரம். சீனத்துக்கு உறவான பர்மிய மொழியில் நான்கு இன்றும் 'லே' என்றே வழங்குகின்றது. சாவு என்ற சொல்லிலோ லகரம் இல்லை. ஆகவே கன்பூசியஸ் காலத்தார்க்கு இவ்விரண்டும் மயங்கும் சொற்கள் அல்ல. உலகை 'நான்கு கடல்களுக்குள்' என்றார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் சூ ஷி, கன்பூசிய மரபின் தலையாய நூல்களை 'நான்கு நூல்கள்' எனத் தொகுத்தார். சிச்சுவான் மாகாணத்தின் பெயரின் முதலெழுத்தே நான்குதான்.

பின்னர் லகரம் தேய்ந்தது. கி.பி. 601இல் எழுந்த ஒலியகராதியான 'சியெயுன்' காலத்தில் இரு சொற்களையும் பிரித்தது குரலின் ஏற்ற இறக்கம் ஒன்றே. மண்டரினில் இன்றும் அந்த மெல்லிய சுவர் நிற்கின்றது. யப்பானியர் இச்சொற்களைக் கடன்கொண்டபோது சீனத்தின் ஏற்ற இறக்கத்தை எடுத்துச் செல்லவில்லை. சுவர் விழுந்தது, நான்கும் 'ஷி', சாவும் 'ஷி'. கொரியாவிலும் இரண்டும் 'ஸா'. சீனத்தைவிடக் கடன்கொண்ட நாடுகளிலேயே ஒலி முழுதாக ஒன்றாயிற்று.

யப்பானியர் என்ன செய்தனர்? தம் சொந்தச் சொல்லாகிய 'யொன்', 'யோ' என்பவற்றைப் பல இடங்களில் புகுத்தினர். நான்கு மணி 'யோஜி', நான்குபேர் 'யொனின்'. ஆனால் ஏப்ரல் மாதம் இன்றும் 'ஷிகற்சு'. செத்தார் என்னாது துஞ்சினார் என்பதை நன்னூலார் மங்கல வழக்கு என வகுத்தாரே, அதே வழக்கு இங்கே ஓர் எண்ணின்மேற் செயற்படுகின்றது.

இந்த அச்சம் உயிரையே வாங்குமா? 2001இல் டேவிட் பிலிப்ஸ் குழுவினர், அமெரிக்காவில் வாழும் சீன, யப்பானிய வழியினரிடையே மாதத்தின் நான்காம் நாளில் இதயநோய் மரணங்கள் கூடுகின்றன என பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். மறுவருடமே கரி ஸ்மித் என்பார் வேறு தரவுகளைக் கொண்டு அது நிலைபெறவில்லை என மறுத்தார். எனக்கு மறுப்பே வலுவாகத் தோன்றுகின்றது. ஆயினும் ஓர் ஒலி மனிதனைக் கொல்லுமோ என ஆய்வாளர்களை ஆராய வைத்ததே போதிய வியப்பு.

தாய்லாந்தை இறுதியாகச் சொல்லவேண்டும். தாய் மொழியினர் எண்ணுப் பெயர்களைப் பழங்காலத்திலேயே சீனத்திலிருந்து கடன்கொண்டனர். அங்கும் நான்கு 'ஸீ'தான். ஆனால் எழுத்தை அவர்கள் எடுக்கவில்லை. சாவுக்கான சீனச் சொல்லையும் எடுக்கவில்லை. சாவுக்கு அவர்கள் சொல் 'தாய்'. நம் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்பது வேறு விடயம். பாங்கொக்கின் சந்தையிலே நான்கு மாம்பழத்துக்கு 'ஸீ' என்று கேட்கும் ஒரு தாய்ப் பெண்ணுக்கு அந்தச் சொல்லில் சாவு ஒலிப்பதில்லை.