நிகழாத விபத்தின் வரலாறு

நிகழ்ந்தவற்றுக்கே வரலாறு உண்டு என்பது நம் பொதுவான எண்ணம். போரும் பஞ்சமும் வெள்ளமும் ஏடுகளை நிரப்புகின்றன. வரவேண்டிய கேடு வராமற்போனால் அதை எழுதிவைக்க எவரும் முன்வருவதில்லை. 2000-ஆம் ஆண்டு பிறந்த இரவில் அமெரிக்காவின் வேதிப்பொருள் ஆலைகளும், அவற்றின் சரக்கை ஏற்றிச்செல்லும் டேங்கர் லாரிகளும் பெரிய இடர் ஏதுமின்றித் தப்பியதை அத்தகைய எழுதப்படாத வரலாறுகளில் ஒன்று எனலாம். மறுநாளே 'எல்லாம் வெறும் புரளி' என்ற ஏளனம் எழுந்தது. அது இன்றும் ஓய்ந்தபாடில்லை. உண்மையில் அது புரளிதானா என்று சற்று நின்று பார்ப்போம்.

சிக்கலின் வேர் சிக்கனத்தில் இருந்தது. துளையட்டைக் காலத்தில் ஓர் அட்டையில் எண்பது எழுத்துகளுக்கே இடம். நினைவகமோ பொன்னைப் போல் விலை உயர்ந்தது. ஆகவே ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களை நிரலர்கள் விட்டுவிட்டனர். 1999 என்பது 99 ஆயிற்று. அந்த வழக்கப்படி 2000 என்பது வெறும் 00 ஆகும். 1999 டிசம்பர் 28 அன்று ஏற்றிய சரக்கு 2000 ஜனவரி 3 அன்று இறக்கப்பட்டால் பயணம் ஆறு நாள் என்பது நமக்குத் தெரியும். கணினியோ 00-இலிருந்து 99-ஐக் கழித்து, சரக்கு ஏற்றப்படுவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே வந்துசேர்ந்ததாகக் கணக்கெழுதக்கூடும்.

லாரியின் இயந்திரம் இன்று என்ன தேதி என்று கேட்பதில்லை. தேதி வாழ்ந்த இடம் அலுவலகம். ஆலையின் கணினி 'இந்தச் சரக்கை ஏற்ற வருக' என்று போக்குவரத்து நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும் செய்தி, வழியில் சரக்கின் நிலை கூறும் செய்தி, இறுதியில் வாடகைக்கான பட்டியல் ஆகிய மூன்றுக்கும் அமெரிக்காவில் எக்ஸ்12 என்னும் பொதுத்தரம் உண்டு. 204, 214, 210 என்பன அச்செய்திகளின் எண்கள். அவற்றில் தேதிக்கு ஆறு இலக்கங்களே ஒதுக்கப்பட்டிருந்தன.

இச்செய்திகள் தடைப்பட்டால் என்ன ஆகும்? லாரி வராது. லாரி வராவிடில் ஆலையின் சேமிப்புத் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால் உற்பத்தியை நிறுத்தியாக வேண்டும். வேதியியல் ஆலை ஒன்றில் மிகவும் ஆபத்தான பொழுதுகள் அதை நிறுத்துவதும் மீண்டும் இயக்குவதுமே என்பது அத்துறையினர் அறிந்த பாடம். சங்கிலியின் மறுமுனையில் ஊருக்குக் குடிநீர் தரும் நிலையம் குளோரினுக்காகக் காத்திருக்கும்.

ஆலைக்குள்ளேயும் தேதி ஒளிந்திருந்தது. இதை உலகுக்கு முன்கூட்டியே காட்டியது நியூசிலாந்து. அங்குள்ள டிவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையில், 1996-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், நள்ளிரவில் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒருசேர நின்றன. அது லீப் ஆண்டு. 366-ஆவது நாள் ஒன்று உண்டு என்பதை நிரல் அறிந்திருக்கவில்லை. உலைகள் சில அளவுமீறிச் சூடேறிப் பழுதாயின. இழப்பு பத்து லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல். இரண்டு மணி நேரம் கழித்து, டாஸ்மேனியாவில் நள்ளிரவானபோது, அதே மென்பொருளைக் கொண்ட பெல் பே உருக்காலையும் அவ்வாறே நின்றது. ஒரே பிழை கடிகாரத்தைத் தொடர்ந்து கடல் கடந்து நடந்தது.

அமெரிக்காவில் 1998 பிப்ரவரியில் அதிபர் கிளிண்டன் ஜான் காஸ்கினென் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். நிறுவனங்கள் தம்மோடு வணிகம் செய்வோருக்கெல்லாம் 'நீங்கள் தயாரா?' என்று கடிதம் எழுதின. ஆனால் விடை சொல்லத் தயங்கினர். சொன்னது பொய்த்தால் வழக்கு வருமே என்ற அச்சம். 1998 அக்டோபரில் வந்த சட்டம் ஒன்று, நல்லெண்ணத்துடன் தகவல் பகிர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. அதன்பின் வாய்கள் திறந்தன.

அமெரிக்காவின் வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியம் 1990-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தால் தோன்றியது. 1984-இல் போபால் மக்கள் உயிரால் செலுத்திய விலை அந்தத் திருத்தத்தின் பின்னே இருக்கிறது. 1999 மார்ச்சில் அவ்வாரியம் அளித்த அறிக்கை, பெரிய நிறுவனங்கள் சமாளித்துவிடும், சிறியனவும் நடுத்தரமானவையும் எந்நிலையில் உள்ளன என்பது தெளிவாகவில்லை என்று கூறியது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியில்தானே?

எக்ஸ்12-இன் 4010 என்னும் பதிப்பு தேதியை எட்டு இலக்கமாக்கியது. பழைய நிரல்கள் வரிவரியாகத் தேடித் திருத்தப்பட்டன. உலகெங்கும் அப்பணியில் ஈடுபட்டோரில் சென்னை, பெங்களூரு நிரலர்களும் உண்டு. ஆலைகள் கூடுதல் கையிருப்பு வைத்தன. இவை புதிய ஏற்பாடுகள். பழைய ஏற்பாடுகளும் கைகொடுக்கக் காத்திருந்தன. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் தம் வேலை நேரத்தைக் கையால் ஏட்டில் எழுதினர். ஆபத்தான சரக்கின் சீட்டு ஓட்டுநர் பக்கக் கதவின் உறையிலோ கைக்கெட்டும் இடத்திலோ இருக்கவேண்டும் என்பது விதி. குளோரின் கலத்தைச் சுமக்கும் வண்டியில் 1017 என்ற எண் துலங்கும். விபத்துக்கு வரும் தீயணைப்பாளர் அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வார். 1971 முதல் இயங்கும் கெம்ட்ரெக் என்னும் அவசர உதவி மையத்தைத் தொலைபேசியில் அழைக்கலாம். அலுவலகக் கணினி ஊமையானாலும் வண்டி பேசும்.

அமெரிக்கா இதற்காகச் செலவிட்டது சுமார் பத்தாயிரம் கோடி டாலர் என்று அந்நாட்டு வணிகத்துறை மதிப்பிட்டது. குறைவாகச் செலவிட்ட நாடுகளும் தப்பினவே என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் தேவைக்கு மேல் செலவான பணமும் இருக்கலாம். ஆயினும் பெரு நிறுவனங்கள் திருத்திய மென்பொருளே உலகெங்கும் சென்றது. கணினியை அவ்வளவாக நம்பியிராத நாடுகளுக்கு ஆபத்தும் குறைவு. ஒருவர் போட்ட கரையில் பக்கத்து வயலும் காக்கப்பட்டது.

கதை முடிந்துவிடவில்லை. எக்ஸ்12 செய்தியின் மேலுறையில் தேதி இன்றும் ஆறு இலக்கமே. 2024 பிப்ரவரி 29 அன்று அதே நியூசிலாந்தில், லீப் நாளை அறியாத மென்பொருளால், ஆளில்லா எரிபொருள் நிலையங்களின் பம்புகள் பல மணி நேரம் நின்றன. பல பழைய கணினிகளின் காலக்கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும். அமெரிக்க ஓட்டுநர்களில் பெரும்பாலோரின் வேலை நேர ஏடோ 2017 டிசம்பர் முதல் மின்னணுக் கருவிக்கு இடம் தந்துவிட்டது. கையெழுத்து, தாள், சற்றே மிகுந்த கையிருப்பு ஆகியவற்றை வீண்செலவென்று ஒவ்வொன்றாக நீக்கி வருகிறோம். 1999-இல் அவை நமக்குப் பின்னால் நின்ற சுவர். அடுத்த முறை சாய நேர்ந்தால் எதன்மேல் சாய்வோம் என்பதை, 'எல்லாம் புரளி' என்று சிரிப்பதற்கு முன் நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.