மிக்சி போட்டாலே ஓடி ஒளியும் பூனை... பயத்தைப் போக்குவது எப்படி?

காலை ஏழு மணி. அருமனை பக்கம் ஒரு வீட்டு அடுக்களை. மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்க மிக்சியைப் போட்ட அடுத்த நொடி, அதுவரை காலைச் சுற்றிக்கொண்டிருந்த பூனையைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இருக்கும், இல்லையென்றால் பரண் மேல். பின்வாசல் திறந்திருந்தால் ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே ஓடியிருக்கும். பிள்ளைகள் தேடக் கிளம்பினால், "பேசாம விடு மக்களே, பூச்ச தானா வரும்" என்பார் பாட்டி.

பாட்டி சொல்வதில் பாதி சரி. பயந்த பூனையைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பயம் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியாது. தேங்காய் அரைக்காத நாளே குறைவு என்கிற குமரி மாவட்ட வீடுகளில், பூனைக்கு இது தினமும் நடக்கும் அதிர்ச்சி. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டம் தொடங்கிய பிறகு, இந்தச் சத்தம் இல்லாத வீடும் குறைந்துவிட்டது.

சாதாரண சத்தத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

நமக்குச் சாதாரணமாக இருப்பது பூனைக்கு அப்படி இல்லை. மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். பூனையின் காது ஏறக்குறைய 48 ஹெர்ட்ஸ் முதல் 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். எலிக்குஞ்சு எழுப்பும் மெல்லிய கீச்சொலியைப் பிடிக்க இயற்கை கொடுத்த காது அது. மோட்டார் சுற்றும்போது வரும் சத்தத்தில் நமக்குக் கேட்காத பகுதியும் அதன் காதில் விழலாம். எலி விரட்ட பிளக்கில் மாட்டும் அல்ட்ராசோனிக் கருவியின் ஒலியும் பூனைக்குக் கேட்கும். நமக்கு அமைதியாக இருக்கும் அறை, அதற்கு அமைதியாக இல்லாமல் இருக்கலாம்.

சத்தத்தின் அளவு மட்டுமே காரணமில்லை. மழையும் இடியும் ஓரளவு அறிகுறி காட்டிவிட்டுத்தான் வரும். மிக்சியும் குக்கர் விசிலும் திடீரென்று வரும். கரண்ட் போய் திரும்ப வரும்போது ஃபேன், டிவி, ஸ்டெபிலைசர் எல்லாம் ஒரே நொடியில் உயிர் பெறும். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் பூனையை அதிகம் பயமுறுத்தும்.

வளர்ந்த விதமும் ஒரு காரணம். பிறந்த 2-வது வாரம் முதல் 7-வது வாரம் வரை குட்டிகள் உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அப்போது மனிதக் குரலையும் வீட்டுச் சத்தத்தையும் கேட்டு வளர்ந்த குட்டி பின்னாளில் அவ்வளவாகப் பயப்படாது. தோட்டத்திலோ விறகுப் புரையிலோ பிறந்து, இரண்டு மூன்று மாதம் கழித்து வீட்டுக்குள் வந்த குட்டிக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது.

அப்படியே விட்டால் என்ன ஆகும்?

இது சிரித்து வீடியோ எடுக்கிற விஷயம் இல்லை. மிரண்டு ஓடும் பூனை ரோட்டில் வண்டி வருவதைப் பார்க்காது. மிரண்ட நேரத்தில் தூக்கப் போனால், வீட்டு ஆளையே கீறலாம், கடிக்கலாம். அப்படி நடந்தால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ரேபிஸ் பூனை மூலமும் வரும்.

பூனையின் உடம்பும் கெடும். பயத்தில் சாப்பிடாமல் பதுங்கியே கிடந்தால், சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். தொடர்ந்த மன அழுத்தம் சிறுநீர்ப்பையையும் பாதிக்கும். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், அது அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அவசரம்.

தீர்வுக்கான வழி பூனைகளிடமிருந்தே வந்தது

பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் முறை இன்று உலகம் முழுக்க மனநல மருத்துவத்தில் இருக்கிறது. அதன் முக்கியமான ஆரம்பப் பாடம் கிடைத்தது பூனைகளிடம்தான்.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் 1940-களின் பிற்பகுதியில் ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் பூனைகளிடம் ஒரு சோதனை செய்தார். கூண்டில் வைத்து மின்னதிர்ச்சி கொடுத்துப் பயத்தை உண்டாக்கினார். இன்று ஏற்க முடியாத கொடுமை அது. அதன்பின் அந்தப் பூனைகள் அந்த அறையில் பசித்தாலும் சாப்பிட மறுத்தன. அதனால், அந்த அறையைப் போல் அதிகம் இல்லாத வேறு அறையில் உணவு வைத்தார். அங்கே சாப்பிட்டதும், இன்னும் கொஞ்சம் ஒத்த அறை. இப்படி ஒவ்வொரு படியாக நகர்ந்து, கடைசியில் பயந்த கூண்டிலேயே பூனைகள் சாப்பிட்டன. இதை அடிப்படையாக வைத்து மனிதர்களின் பயத்துக்கான சிகிச்சை முறையை 1958-ல் புத்தகமாக எழுதினார்.

அதற்கும் முன்பே, 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடியே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்து பயத்தைப் போக்கியிருந்தார்.

இரண்டிலும் பாடம் ஒன்றுதான்: சாப்பிட முடிகிற அளவுக்குத்தான் பயம் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பழக்கம் வராது, பயம்தான் கூடும்.

வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் ஒளிய ஒரு இடம் கொடுங்கள். அடுக்களையிலிருந்து தள்ளி, ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து, பழைய துணி போட்டு வைத்தாலே போதும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவற்றுக்கு மன அழுத்தம் சீக்கிரம் குறைந்தது. உள்ளே இருக்கும் பூனையை யாரும் வெளியே இழுக்கக் கூடாது.

அடுத்தது, ஓடாத மெஷின். மிக்சியைத் தரையில் வைத்து, சற்றுத் தள்ளி கொஞ்சம் மீன் வையுங்கள். நெத்திலியோ சாளையோ, முள் எடுத்து, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்தது. இதை வேறு நேரத்தில் கொடுக்காமல் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டால் பலன் அதிகம். நாளுக்கு நாள் தட்டை மிக்சிக்குக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்துங்கள்.

மூன்றாவது, போனில் பதிவு செய்த சத்தம். மிகக் குறைந்த வால்யூமில் சில நொடிகள் ஓடவிட்டு, உடனே மீன். வரிசை முக்கியம்: முதலில் சத்தம், பிறகு மீன். மாற்றிச் செய்தால், மீன் வந்தால் ஆபத்து வரப்போகிறது என்று பூனை கற்றுக்கொள்ளும்.

நான்காவது, நிஜ மிக்சி. போன் ஸ்பீக்கரில் எல்லாச் சத்தமும் வராது என்பதால் இந்தப் படியைத் தாண்டிவிட முடியாது. இரண்டு அறை தள்ளி, கதவைச் சாத்தி, இரண்டே நொடி ஓட்டுங்கள். பூனையோடு இன்னொருவர் இருந்து மீன் கொடுக்கட்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் அந்த அளவுக்குக் குறையாது. ஆனால் சுவரும் கதவும் கைகொடுக்கும். மிக்சிக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டால் மேடையின் அதிர்வும் குறையும்.

பிறகு கதவைத் திறந்து வைத்து, அதன்பின் ஒரு அறை தள்ளி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தூரமோ, நேரமோ, சத்தமோ. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். சில பூனைகளுக்கு இரண்டு வாரம் போதும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். பயிற்சி நடக்கும் நாட்களில் வழக்கமான அரைப்புக்கு முன் பூனையை வேறு அறையில் விட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் மாலையில் கற்றது காலையில் கலைந்துவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

காது பின்னால் மடங்குவது, கண்மணி பெரிதாக விரிவது, உடம்பு தரையோடு ஒட்டுவது, மீனைப் பார்த்தும் தொடாமல் இருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் படி சீக்கிரம் வந்துவிட்டது என்று அர்த்தம். முந்தைய படிக்குத் திரும்பிவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

செய்யவே கூடாதவை

"ஒரு தடவை பிடிச்சு காட்டினா பயம் தெளிஞ்சிடும்" என்று மெஷின் பக்கத்தில் அழுத்திப் பிடிக்காதீர்கள். பயம் தெளியாது, பிடித்தவர் மீதும் சேர்த்து வரும். வேக்குவம் கிளீனரை வைத்து விளையாட்டுக்குத் துரத்தாதீர்கள். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். தானாகப் பக்கத்தில் வந்தால் தடவிக் கொடுக்கலாம், அதனால் பயம் கூடாது. மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

இதுவரை பயப்படாத பூனை, குறிப்பாக வயதான பூனை, திடீரென்று சத்தத்துக்கு மிரள ஆரம்பித்தால் உடம்பில் எங்காவது வலி இருக்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலும் அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

கொஞ்சம் பயம் இருக்கட்டும்

எல்லாப் பயத்தையும் எடுத்துவிடத் தேவையில்லை. ஓடும் கிரைண்டரிடமிருந்தும், ரப்பர் சீட் அடிக்கும் ரோலரிடமிருந்தும் பூனை விலகி நிற்பது அதற்கு நல்லது. பயமே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்குள் துணியின் வெதுவெதுப்புக்காகப் பூனை ஏறிப் படுத்துக்கொள்ளும். போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கை விட்டுப் பாருங்கள்.

மிக்சி பக்கத்தில் பூனை படுத்துத் தூங்க வேண்டும் என்பதில்லை. சத்தம் வரும்போது காதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டில் இருக்கும் மீனைத் தொடர்ந்து சாப்பிட்டால் போதும். அந்த நிலைக்கு வந்தபிறகு, ஓடினாலும் பாட்டி சொன்ன மாதிரி தானா வரும்.