கடிதம் அஞ்சலகத்தில் இருக்கும்வரை

தம் துறையின் முறைகேடு ஒன்றைப் பற்றி ஓர் அரசு ஊழியர் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதி அஞ்சலில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கடிதம் அஞ்சலகத்தின் பொறுப்பில் இருக்கும்வரை, காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் தம் சொந்த அதிகாரத்தில் அதைப் பெற முடியாது. மாவட்ட நடுவரோ, தலைமைக் குற்றவியல் நடுவரோ, அமர்வு நீதிமன்றமோ, உயர் நீதிமன்றமோ ஆணையிட வேண்டும். மறுநாள் அதே கடிதம் ஆசிரியரின் மேசையை அடைந்துவிட்டால், அந்த அலுவலர் எழுதும் ஓர் ஆணையே போதுமானது. பெயர்களில் சிறு மாற்றங்கள் இருப்பினும், 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து இன்றுவரை இதுவே நிலை.

அச்சட்டத்தின் 94ஆவது பிரிவு, புலனாய்வுக்கு 'அவசியமானது அல்லது விரும்பத்தக்கது' என்று கருதப்படும் எந்த ஆவணத்தையும் பொருளையும் ஒப்படைக்குமாறு கட்டளையிட வழிசெய்தது. 'அவசியம்' என்பதோடு நிற்காமல் 'விரும்பத்தக்கது' என்பதையும் சேர்த்த அந்த வரைவாளரின் பேனாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இச்சட்டம் 1973இல் புதிதாக இயற்றப்பட்டபோது இப்பிரிவு 91 ஆனது. அதன் விலக்குகள் மூன்று: அரசின் மறைபொருள் ஆவணங்களும் அலுவல்முறைத் தகவல்களும், வங்கியாளர் ஏடுகள், அஞ்சல் தந்தித் துறையின் வசமுள்ள கடிதங்கள். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமோ இதைவிட வியப்பானது. கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிட வேண்டியதில்லை. குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லுமாறு காவல் அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது. அச்சட்டத்தின் 125ஆவது பிரிவு அவருடைய 'ஒற்றரை'க் காத்தது. பத்திரிகையாளருக்குச் செய்தி தந்தவரைக் காக்கும் பிரிவு எதுவும் அச்சட்டத்தில் இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் நீதிமன்றங்கள் இதை மாற்றினவா? ஓரளவு மாற்றின, ஆனால் வேறொருவருக்காக. குற்றஞ்சாட்டப்பட்டவரை 94ஆவது பிரிவின்கீழ் ஆவணம் ஒப்படைக்கச் சொல்ல இயலாது என்று ஷியாம்லால் மோகன்லால் சோக்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. ஆக, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, வெறும் சாட்சியாக நிற்கும் செய்தியாளருக்கு இல்லை. அவரையும் குற்றஞ்சாட்டப்பட்டவராக்கினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. சோதனையிட்டுக் கைப்பற்றுதல் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவது ஆகாது என்று எம்.பி. சர்மா வழக்கில் 1954லேயே தீர்ப்பாகியிருந்தது.

எழுத்து வடிவில் இருக்கும் பாதுகாப்பு 1978ஆம் ஆண்டின் பத்திரிகை கவுன்சில் சட்டத்தில், 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் உள்ளது. செய்தியின் மூலத்தைச் சொல்லும்படி எந்தச் செய்தித்தாளையும் ஆசிரியரையும் அது கட்டாயப்படுத்தாது. ஆனால் இது கவுன்சிலின் சொந்த விசாரணை அதிகாரத்துக்கு மட்டுமே இடப்பட்ட வரம்பு. காவல்துறையையும் நீதிமன்றத்தையும் அது கட்டுப்படுத்தாது. நம் விவாதங்களில் இவ்வுட்பிரிவு அளவுக்கு மீறிய நம்பிக்கையோடு மேற்கோள் காட்டப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இக்குறையை உணர்ந்து எழுந்தது சட்ட ஆணையத்தின் 93ஆவது அறிக்கை (1983). தலைவர் நீதிபதி கே.கே. மேத்யூ; அதற்குச் சற்று முன்புதான் அவர் இரண்டாவது பத்திரிகை ஆணையத்தின் தலைவராக இருந்து 1982இல் அதன் அறிக்கையை அளித்திருந்தார். சாட்சியச் சட்டத்தில் 132ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்க்குமாறு அவ்வறிக்கை பரிந்துரைத்தது. அதன் வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 'வெளியீட்டில் இடம்பெற்ற தகவலின் மூலத்தை' வெளிப்படுத்துமாறு நீதிமன்றம் கோரலாகாது என்கிறது அது. அப்படியானால் அச்சேறாத குறிப்பேட்டின் நிலை என்ன? ஒளிபரப்பாத காட்சிப்பதிவின் நிலை என்ன? மூலத்தின் பெயரைக் காக்க முனைந்த சீர்திருத்தமும், அப்பெயர் எழுதப்பட்டிருக்கும் தாளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறு ஆண்டே பிரிட்டன் வேறு வழியை எடுத்தது. அந்நாட்டின் 1984ஆம் ஆண்டுக் காவல்துறை மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், 'இதழியல் நோக்கத்துக்காகப் பெறப்பட்ட அல்லது உருவாக்கப்பட்ட பொருள்' என்றொரு வகையை வரையறுத்தது. வெளியானதா இல்லையா என்பது அங்கே அளவுகோல் அன்று. அத்தகைய பொருளைப் பெறக் காவல்துறை நீதிபதியின் முன் காரணம் காட்ட வேண்டும். அங்கும் நீதிபதிகள் தாராளமாகவே ஆணை வழங்கியிருக்கிறார்கள். எனினும் கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது.

இங்கே 132ஏ சட்டமாகவில்லை. 2003இல் 185ஆவது அறிக்கை சில விலக்குகளுடன் அதை மீண்டும் முன்வைத்தது. அதுவும் அறிக்கையாகவே தங்கிவிட்டது. செய்தி மூலங்களின் பாதுகாப்பு பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று என்று பெகாசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. 2023 ஜனவரியில் டெல்லியின் விசாரணை நீதிமன்றம் ஒன்று, செய்தியாளர்கள் மூலத்தைச் சொல்ல மறுத்த வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறை அளித்த வழக்கு முடிப்பு அறிக்கையை ஏற்கவில்லை. புலனாய்வு அமைப்புகளிடம் மூலத்தை மறைக்கச் செய்தியாளருக்குச் சட்டப்பூர்வ விலக்கு எதுவும் இல்லை என்றது. சட்ட நூலை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த விசாரணை நீதிமன்றம் சொன்னது பிழையன்று.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்பிரிவு தன் பழைய எண்ணுக்கே திரும்பியிருக்கிறது: 94. 'அவசியமானது அல்லது விரும்பத்தக்கது' அப்படியே நிற்கிறது. வங்கி ஏடும் அஞ்சலகக் கடிதமும் இன்னும் விலக்குப் பட்டியலில் உள்ளன. புதிதாகச் சேர்ந்தவை, மின்னணுத் தகவல்தொடர்பும், மின்னணுச் சான்று இருக்கக்கூடிய தொடர்புக் கருவிகளும். முன்பு ஒரு கடிதத்தைக் கேட்ட ஆணை, இப்போது ஒரு செய்தியாளர் பல ஆண்டுகளாகப் பேசிய அனைவரின் பெயர்களையும் சேமித்து வைத்திருக்கும் கைபேசியைக் கேட்கலாம்.