வரிகளைச் சலிக்கும் சல்லடை

தடித்த பதிவேடு ஒன்று உங்கள் முன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் ஊர், தேதி, பெய்த மழையின் அளவு. 50 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்த ஊர்களை மட்டும் பொறுக்க வேண்டும். விரலை வரிவரியாக நகர்த்திச் சென்று, வேண்டியதைத் தாளில் குறித்துக்கொள்வீர்கள் அல்லவா? இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பது ஒரு காலத்தில் அத்தனை எளிதாக இல்லை. கோப்பைத் திறக்க, வரியைப் படிக்க, அதைச் சொற்களாகப் பிரிக்க என ஒவ்வொன்றுக்கும் கட்டளை எழுத வேண்டும். ஒரு சிறு கேள்விக்கு ஒரு பக்கப் புரோகிராமா? விரலே மேல் என்று தோன்றிவிடும்!

இந்தச் சலிப்பைப் போக்கியவர்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் இயங்கிய பெல் ஆய்வுக்கூடத்தினர். தோட்டத்து நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று பொருத்துவது போலப் புரோகிராம்களையும் பொருத்த முடிய வேண்டும் என்று டக்ளஸ் மக்கில்ராய் 1964-லேயே எழுதி வைத்தார். 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸ் அமைப்பில் செய்து காட்டினார். ஒன்றின் விளைவு அடுத்ததற்குள் பாயலாயிற்று. கேட்ட சொல் உள்ள வரியை மட்டும் தரும் 'கிரெப்' என்ற கருவியும் அவர் ஆக்கியதே. ஆனால் அதற்கு எண் தெரியாது. 50 பெரிதா 60 பெரிதா என்று அதனிடம் கேட்க முடியாது.

1977-இல் ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பர்கர், பிரையன் கெர்னிஹான் ஆகிய மூவர் இக்குறையைத் தீர்த்தனர். ஏஹோ அருகிலிருந்த பல்கலைக்கழகம் ஒன்றில் பாடமும் நடத்தி வந்தார். மாணவர் மதிப்பெண்களையும் வரவு செலவையும் கணக்கிட அவருக்கே ஒரு கருவி தேவைப்பட்டது. மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆக்' என்றனர்.

அது வேலை செய்யும் முறையைப் பாருங்கள். கோப்பைத் திறப்பதும், வரியைப் படிப்பதும், பத்திகளாகப் பிரிப்பதும் அதன் பொறுப்பு. 'மூன்றாம் பத்தி 50-க்கு மேலானால் முதல் பத்தியைக் காட்டு' என்பது மட்டுமே நாம் சொல்ல வேண்டியது. ஊர்வாரியாக மொத்த மழை வேண்டுமா? ஊர்ப் பெயரையே பெட்டியின் பெயராக்கி, அதில் மழையளவைக் கூட்டிக்கொண்டே போகலாம். எத்தனை ஊர்கள் என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. என் கருத்தில் இதன் பெருஞ்சிறப்பு இதுவே.

ஓரிரு வரிக் கட்டளைகளே எழுதப்படும் என்றுதான் படைத்தவர்கள் எண்ணியிருந்தனர். பிறரோ பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவந்து அவர்களைத் திகைக்க வைத்தனர்! எனவே 1985-இல் அதை விரிவாக்க நேர்ந்தது. 2012-இல் ஸ்டீபன் டோலன் வெளியிட்ட 'ஜேக்யூ', ஜேசன் வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தரவுகளை இவ்வாறே சலித்துத் தருகிறது.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. மூவரின் மூலப் பதிப்பு எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளையே எண்ணி வந்தது. யூடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட்டுகள். ஆகவே அதன் நீளம் 3 என்று விடை வரும். வேறு சிலர் எழுதிய பதிப்புகள் முன்னரே இதைச் சரிசெய்திருந்தன. மூலப் பதிப்பைத் திருத்த 2022-இல் கெர்னிஹானே அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 80. இன்று 'அ' என்று கொடுத்தால் 1 என்கிறது. 'கி' என்று கொடுத்துப் பாருங்கள்: ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என 2 என்கிறது!