மரநிழலும் அரசாணையும்: பவேரியப் பியர்த் தோட்டங்களின் வரலாறு

தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கு, குறிப்பாக அதன் தலைநகரான மியூனிக்குக்குக் கோடையில் செல்லும் பயணிகள் பலரும் முதலில் தேடிச் செல்வது ‘பியர்கார்ட்டன்’ எனப்படும் பியர்த் தோட்டங்களையே. சரளைக்கல் பரப்பிய தரையையும், அடர்ந்த செஸ்ட்நட் மரநிழலையும், முன்பின் அறியாதவர்கள் அருகருகே அமரும் நீண்ட பலகை மேசைகளையும், ‘மாஸ்’ என்று அழைக்கப்படும் ஒரு லிட்டர் குவளைகளையும் காணும் பயணி, இவை யாவும் கொண்டாட்டத்தை விரும்பும் ஒரு மக்கள்கூட்டத்தின் இயல்பிலிருந்து தோன்றியவை என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறார். பயணக் கையேடுகளும் அந்த எண்ணத்துக்கே தீனி போடுகின்றன. உண்மையில் அத்தோட்டங்களை உருவாக்கியவை தடையாணைகளும், கோடை வெப்பமும், விடுதிக்காரர்களின் முறையீடுமே.

1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட் நகரில் பவேரியக் கோமகன்களான நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லூட்விக்கும் பிறப்பித்த ஆணை, பியரில் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் சேர்க்கலாகாது என்று விதித்தது. ஹாப்ஸ் என்பது பியருக்குக் கசப்பைத் தருவதோடு அது விரைவில் கெட்டுப்போகாமலும் காக்கும் ஒரு கொடியின் பூ. நொதித்தலை நிகழ்த்தும் ஈஸ்டின் தன்மை அன்று அறியப்படாததால் அது பட்டியலில் இடம்பெறவில்லை. இன்று ‘தூய்மைச் சட்டம்’ என்று விளம்பரங்களில் போற்றப்படும் இவ்வாணையின் பெரும்பகுதி விலையைப் பற்றியது என்பது பலரும் கவனிக்காத செய்தி: குளிர்காலத்தில் ஒரு மாஸ் ஒரு பென்னிங் நாணயத்துக்கு மேலும், கோடையில் இரண்டு பென்னிங்குக்கு மேலும் விற்கப்படக் கூடாது என்பதே அதன் தலையாய அக்கறை. கோதுமையையும் ரை என்னும் தானியத்தையும் ரொட்டிக்கென ஒதுக்கிவைப்பதும் ஒரு நோக்கம் என்று கருதப்படுகிறது. ஆயினும் கோதுமைப் பியர் அடியோடு மறைந்துவிடவில்லை. சிறப்பு உரிமை பெற்ற ஒரு பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்த அத்தொழில், 1602இல் கோமகன் முதலாம் மாக்சிமிலியன் வசம் வந்து, அரச கருவூலத்துக்குப் பெரும் வருவாய் ஈட்டித்தந்தது. தானியத்தின் மீது காட்டிய கண்டிப்பு அரண்மனை வாயிலோடு நின்றுபோனது.

தோட்டங்களின் கதை தொடங்குவது 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த மற்றொரு விதியில்தான். செப்டம்பர் 29இல் வரும் புனித மிக்கேல் திருநாளிலிருந்து ஏப்ரல் 23இல் வரும் புனித ஜார்ஜ் திருநாள் வரை மட்டுமே பியர் காய்ச்சலாம் என்று அவ்விதி வரையறுத்தது. கொதிகலன்களின் நெருப்பால் கோடையில் தீவிபத்து நேரும் அச்சம் ஒரு காரணம். பவேரியர் பயன்படுத்திய, தொட்டியின் அடியில் படியும் வகை ஈஸ்ட் குளிரில் மட்டுமே செவ்வனே வேலை செய்யும் என்பதும், வெப்பத்தில் பியர் புளித்துப்போகும் என்பதும் மற்றொரு காரணம். ஆகவே கோடைத் தேவைக்கான பியரை மார்ச் மாதத்தில் சற்று வலுவாகக் காய்ச்சிச் சேமித்தனர். மாதத்தின் பெயராலேயே அது ‘மேர்ட்சன்’ எனப்பட்டது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்த மியூனிக் நகருக்குள் ஆழமாகத் தோண்ட இயலாததால், ஈசார் ஆற்றங்கரையின் மேட்டுச் சரிவுகளில் நிலவறைகளைக் குடைந்து, குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டிகளை அவற்றில் நிரப்பினர். நிலவறையின் மேற்பரப்பில் வெயில் படாதிருக்கச் சரளைக்கல் பரப்பியதும், அகன்ற இலைகளால் நிழல் தந்து, ஆழமாக வேரோடாததால் வளைவுக் கூரையைப் பிளக்காத குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டதும் இதன் பொருட்டே. இன்றைய பயணியை மயக்கும் நிழல், அக்காலத்தில் மனிதருக்காக அல்லாமல் பீப்பாய்களுக்காகவே வளர்க்கப்பட்டது.

குளிர்ந்த பியர் நிலவறை வாயிலிலேயே கிடைக்கும்போது நகர மக்கள் விடுதிகளை விட்டு ஆற்றங்கரைக்குத் திரண்டது இயல்பே. வாடிக்கையாளர்களை இழந்த விடுதிக்காரர்கள் முறையிட, மன்னர் முதலாம் மாக்சிமிலியன் ஜோசப் 1812 ஜனவரி 4 அன்று இரு தரப்பாருக்கும் பொதுவானதொரு தீர்ப்பை வழங்கினார். காய்ச்சுவோர் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் தம் நிலவறைகளில் சொந்த மேர்ட்சன் பியரைச் சில்லறையாக விற்கலாம், உடன் ரொட்டியும் தரலாம். வேறு உணவோ பானமோ பரிமாறக் கூடாது. மக்கள் இதற்குக் கண்ட வழி எளியது: வீட்டிலிருந்தே கூடையில் உணவைக் கட்டிக்கொண்டு வந்தனர். தடை பின்னாளில் தளர்ந்து, தோட்டங்களே சமையலில் இறங்கிய பிறகும், விரிப்பில்லாத மேசைகளில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்ணும் உரிமை நிலைத்துவிட்டது. பானத்தை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும்.

அவ்வாறு கொண்டுவரப்படும் சிற்றுணவு ‘புரோட்சைட்’ எனப்படும். முறுக்கிய வடிவில் உப்புத் தூவிச் சுட்ட பிரெட்சல் ரொட்டி, மெல்லிய சுருளாகச் சீவி உப்பிட்டு நீர் கசிய வைத்த வெள்ளை முள்ளங்கி, முதிர்ந்த பாலாடைக்கட்டியை வெண்ணெயும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிசைந்த ‘ஓபாட்ஸ்டா’ ஆகியவை அதன் அடிப்படை. மிஞ்சிய பாலாடைக்கட்டியை வீணாக்காத சிக்கனத்திலிருந்து ஓபாட்ஸ்டா பிறந்தது. அதன் உப்பும் காரமும் அடுத்த குவளைக்கு வழி செய்தது காய்ச்சுவோருக்கு வாய்த்த நற்பேறு. கன்றிறைச்சியோடு பார்ஸ்லி இலை சேர்த்துச் செய்யும் ‘வைஸ்வுர்ஸ்ட்’ என்னும் வெள்ளைத் தொத்திறைச்சியை நண்பகல் மணியோசைக்கு முன்பே உண்டுவிட வேண்டும் என்ற மரபும் நாகரிகத்தால் வந்ததன்று. புகையிட்டுப் பதப்படுத்தப்படாத அவ்விறைச்சி, குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பிற்பகல்வரை தாங்காது என்பதே காரணம். 1857இல் மியூனிக் விடுதியொன்றில் அது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதையை வரலாறாக அல்லாமல் கதையாகவே கொள்வது நன்று.

பியர் பவேரியாவில் உணவின் பகுதியாகவே கருதப்பட்டதால் அதன் விலை அரசியலாயிற்று. 1844 மே மாதத்தில் விலை உயர்ந்தபோது மியூனிக் மக்கள் மதுக்கூடங்களைத் தாக்கினர். படைவீரர்களும் கலகத்தை அடக்கத் தயங்கினர். மன்னர் முதலாம் லூட்விக் விலையைக் குறைத்த பின்னரே அமைதி திரும்பியது.

1870களில் பொறியாளர் கார்ல் வான் லிண்டே, ஷ்பாட்டன் மதுவாலை உரிமையாளரின் ஆதரவோடு குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கியதும் நிலவறைகளும் பனிக்கட்டிகளும் தேவையற்றுப் போயின. தோட்டங்களோ, தோன்றிய காரணம் மறைந்த பின்னும் நீடித்தன. 1995இல் இரைச்சல் குறித்து அண்டை வீட்டார் தொடுத்த வழக்கால் நகருக்குத் தெற்கே இருந்த ஒரு தோட்டத்தை இரவு முன்னதாகவே மூட வேண்டிய நிலை வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் மியூனிக்கில் பேரணி நடத்தினர். அதன் விளைவாக வந்து, நீதிமன்றத் தலையீட்டால் 1999இல் திருத்தி எழுதப்பட்ட மாநில விதி, தோட்டங்கள் இரவு 11 மணிவரை இயங்க இடமளித்ததோடு, விருந்தினர் தம் உணவைத் தாமே கொண்டுவந்து உண்ணும் உரிமையைப் பியர்த் தோட்டத்தின் அடையாளமாகச் சட்டத்திலேயே பதித்தது.