பண்டிகைப் பரிசும் பண்டமாகிய உயிரும்

நத்தார் நெருங்குகின்றது. நாய்க்குட்டி ஒன்று வேண்டுமென்று வீட்டுக் குழந்தை அடம்பிடிக்கின்றது. வாங்கிக் கொடுப்பதா, மறுப்பதா என்று பெற்றோர் தடுமாறுகின்றனர். மேலோட்டமாக நோக்குவோருக்கு இஃது ஒரு குடும்பத்தின் உள்வீட்டு விவகாரம். சமூகச் சிந்தனையாளர் பொழுதைச் செலவிடத் தக்க பொருளன்று. ஆயின், உயிருள்ள ஒன்றைக் கடையில் விலைகொடுத்து வாங்கிப் பண்டிகைப் பரிசாக வழங்கலாம் என்ற எண்ணம் என்றும் இருந்ததன்று. அது வளர்ந்த வரலாற்றை இங்கிலாந்தில் தெளிவாகக் காணலாம். அந்த வரலாற்றைச் சிறிது நோக்கிய பின்னர் நம் வினாவுக்குத் திரும்புவோம்.

நாய் உழைக்கும் மிருகமாகவே நெடுங்காலம் வாழ்ந்தது. மந்தை காத்தது, காவல் புரிந்தது, வண்டி இழுத்தது, பெரிய வீடுகளின் அடுக்களையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றவும் அதனைச் சக்கரத்துள் ஓடவிட்டனர். மடியில் வைத்துக் கொஞ்சும் நாய் பிரபுக்களின் மாளிகைக்குரியதாயிருந்தது. கைத்தொழிற் புரட்சி இந்நிலையை மாற்றியது. 1839ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டம் லண்டனில் நாய்வண்டியைத் தடைசெய்தது. 1854இல் அத்தடை நாடு முழுவதற்கும் விரிந்தது. கொடுமையொன்று ஒழிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், கழுதையோ குதிரையோ வாங்க வகையற்ற சிறு வியாபாரிக்கு இச்சட்டம் எந்த ஈட்டையும் வழங்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

உழைக்கும் நாய் மறையத் தொடங்கிய காலத்திலேயே விலையுள்ள நாய் தோன்றியது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. நாய்களின் பரம்பரை ஏடுகளிற் பதியப்பட்டது. பரம்பரைக்கேற்ப விலையும் ஏறியது. மனிதரின் குலப்பெருமை ஆட்டங்கண்ட நூற்றாண்டிலே நாய்களின் குலப்பெருமை ஏட்டில் ஏறியமை விந்தையே.

அதே காலத்தில் நத்தார்ப் பண்டிகையும் புதுக்கோலம் பூண்டது. 1843இல் டிக்கன்ஸின் நத்தார்க் கதை வெளிவந்தது. 1848இல் அரச குடும்பத்தின் நத்தார் மரம் பத்திரிகைப் படமாக வீடுகள்தோறும் சென்றது. மத்தியதர வர்க்கத்தின் குடும்ப விழாவாகவும் குழந்தைகளுக்குப் பரிசளிக்கும் நாளாகவும் கடைக்காரரின் அறுவடைக் காலமாகவும் அது வளர்ந்தது. விலை குறிக்கப்பட்ட மிருகம் ஒருபுறம்; விலைகொடுத்து வாங்கியவற்றை அன்பின் அடையாளமாக வழங்கும் திருநாள் மறுபுறம். இவ்விரண்டும் சந்தித்த இடமே நம் வினாவின் பிறப்பிடம் எனலாம்.

1860ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் இங்கு நம் கவனத்துக்குரியன. அவ்வாண்டு மேரி ரீல்பி என்னும் மாது, தெருவில் அலைந்த பட்டினி நாய்களுக்கென லண்டனின் ஹொலோவே பகுதியில் ஓர் இல்லம் திறந்தார். 'டைம்ஸ்' பத்திரிகை அம்முயற்சியை எள்ளி நகையாடிற்று. ஆயினும் இல்லம் நிலைத்தது. 1871இல் பற்றர்சீக்கு இடம்பெயர்ந்து இன்றும் இயங்குகின்றது. அதே 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகரையடுத்த கோடை மாளிகையைச் சூறையாடின; ஆங்கிலப் படை அதனைத் தீக்கிரையாக்கிற்று. அங்கு அகப்பட்ட சிறு நாயொன்றைக் கப்டன் டன் என்ற அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, 1861இல் விக்டோரியா மகாராணியாருக்குப் பரிசாக வழங்கினார். 'லூட்டி' என்று அதற்குப் பெயரிட்டனர். கொள்ளையைக் குறிக்கும் அச்சொல்லின் வேர் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. 1872இல் அந்நாய் இறந்தது.

ஒரு நாய் ஏகாதிபத்தியத்தின் பரிசு. மற்றைய நாய்கள் தலைநகரின் கழிவு. இரண்டிலும் மிருகம் கைமாறும் பொருளாகவே கணிக்கப்பட்டது. விரும்பியபோது எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது தெருவில் விடலாம். வேண்டாமற் போவதற்கு மனக் கடினம் மட்டும் காரணமன்று. 1878இல் நாய் வளர்ப்பதற்கான ஆண்டு வரி 7 சிலிங் 6 பென்ஸாக உயர்ந்தது. செல்வர்க்கு அது பொருட்டல்ல. பண்ணைத் தொழிலாளிக்கோ பல நாட்கூலி. அன்பு செலுத்துவதற்கும் வசதி வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டிலே சட்டம் மெல்ல அசைந்தது. 1951ஆம் ஆண்டின் சட்டம் வளர்ப்பு மிருகக் கடைகளுக்கு அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. 12 வயதுக்குட்பட்ட சிறுவருக்கு மிருகங்களை விற்பதைத் தடுத்தது. 1978இல், 1891 முதல் இயங்கிவந்த நாய்கள் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்த கிளாரிசா போல்ட்வின், நாய் நத்தாருக்கு மட்டும் உரியதன்று, வாழ்நாள் முழுமைக்கும் உரியது என்ற கருத்துடைய சுலோகத்தை வழங்கினார். அது நாடெங்கும் பரவியது. அதன் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அது யாரை நோக்கிப் பேசியது? வாங்குபவரை நோக்கி. விற்பவரை நோக்கியன்று.

குட்டிகளை யார், எவ்விடத்தில், எவ்வாறு உற்பத்தி செய்கின்றனர்? பெட்டை நாய்களைக் கூண்டில் அடைத்து, ஈற்றின்மேல் ஈற்றாகக் குட்டி ஈனச் செய்யும் பண்ணைகள் பெருகின. 1973இலேயே வளர்ப்போருக்கு அனுமதிப் பத்திரச் சட்டம் வந்ததுண்டு. இடைத்தரகர் வியாபாரம் தொடர்ந்தது. வேல்ஸ் பண்ணையொன்றிலிருந்து 2013இல் மீட்கப்பட்டு 2016இல் இறந்த 'லூசி' என்ற பெட்டை நாயின் பெயரால் பேரியக்கம் எழுந்தது. அதன் பயனாக, ஆறு மாதத்துக்குட்பட்ட நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் விற்பது இங்கிலாந்தில் 2020 ஏப்பிரலில் தடைசெய்யப்பட்டது. வாங்குபவரின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பிய சுலோகத்துக்கும் தரகரின் கையைக் கட்டிய சட்டத்துக்கும் இடையே 42 ஆண்டுகள் கழிந்தன. தனிமனிதனுக்கு உபதேசம் உடனே கிடைக்கின்றது. வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு காலந்தாழ்த்தியே வருகின்றது.

இன்னுமொன்று. பரிசாக வந்த மிருகமே பெரிதும் கைவிடப்படும் என்பது பரவலான நம்பிக்கை. ஆயின் 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, பரிசாகப் பெற்றமையால் அவ்வுயிர்மீது தம் அன்பு கூடியது அல்லது மாறவில்லை என்று 96 சதவீதத்தினர் கூறியதாகத் தெரிவித்தது. எனவே, கொடுத்தல் என்ற செயலிலே பாவம் இருப்பதாக நாம் கொள்ள வேண்டியதில்லை. தனிமையில் வாடும் முதியவருக்கு, அவர் விரும்பிக் கேட்ட துணையைக் கொடுப்பது நற்செயலே. தீங்கு வேறிடத்தில் உள்ளது.

நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். இன்று பத்து வயதான குழந்தை அதற்குள் வேலை தேடி வெளியூர் சென்றிருக்கும். அதுகாறும் நாய்க்கு உணவு வைப்பவர் யார்? மழைநாளில் வெளியே கொண்டுசெல்பவர் யார்? முற்றத்தைக் கழுவுபவர் யார்? பெரும்பாலான வீடுகளில் தாய். வசதியுள்ள வீடுகளில் வேலைக்காரப் பெண். பரிசு கொடுத்தவர் புகழ் பெறுகிறார். பெற்ற குழந்தை மகிழ்கிறது. உழைப்பு மூன்றாமவர் தலையில் விழுகின்றது. அந்த மூன்றாமவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 'எதிர்பாராத பரிசு' என்பதன் உட்பொருள் பல வேளைகளில் இதுவே.

2006இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்த மிருக நலச் சட்டம், மிருகத்தை வதைக்காதிருந்தால் மட்டும் போதாது என்றது. தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, இனத்தோடு சேர்ந்தோ பிரிந்தோ வாழும் தேவை, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் வளர்ப்பவரின் கடமையாக்கியது. 16 வயதுக்குட்பட்டோருக்கு மிருகம் விற்பதையும் தடுத்தது. பொருளாகக் கருதப்பட்ட உயிர், தேவைகளையுடைய உயிராகச் சட்டத்தில் இடம்பெற்றமை ஒரு முன்னேற்றமே.

இனி நம் வினாவுக்கு வருவோம். குட்டியைக் கொடுப்பதற்கு முன், அதன் பாரத்தைச் சுமக்கப் போகிறவர் யாரென்று அறிந்து, அவருடைய சம்மதத்தைப் பெறுக. அவர் மறுத்தால் அத்தோடு நிறுத்துக. சம்மதித்தால், வேலையை வீட்டாரனைவரும், ஆண்களும் உட்பட, பங்கிட்டுக் கொள்க. தாயைக் காட்டாமற் குட்டியை மட்டும் விற்கும் வியாபாரியிடம் செல்லற்க; ஆதரவற்ற குட்டிகள் நம் தெருக்களிலேயே உள்ளன. வெடியோசையும் விருந்தினர் கூட்டமும் நிறைந்த பண்டிகை நாளன்று அச்சிறு உயிரை வீட்டுக்குக் கொண்டுவருதலும் வேண்டாம். அன்று குழந்தையின் கையில் ஒரு கழுத்துப்பட்டியைக் கொடுத்தாற் போதும். ஆரவாரம் அடங்கிய பின்னர், குடும்பமாகச் சென்று குட்டியை அழைத்து வரலாம். இடைப்பட்ட சில வாரங்களில் குழந்தையின் விருப்பம் தணியுமாயின், ஓர் உயிர் தெருவுக்குச் செல்லாமல் தப்பிற்று என்று மகிழ்வோம்.